சன் ஃபிலிம் ஒட்டிய மேற்கு ஜன்னல்

எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போடுவதென்று முடிவு செய்துதான் அன்றைக்கு மாலை படியிறங்கினேன். காரணம் ஒரு தார்ப்பாய். நீல நிறம், லாரியில் சரக்கின்மேல் போட்டுக் கட்டுவார்களே, அந்த வகை. அதை ஜெய்னப் தன் முதல் மாடி பால்கனியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கட்டி வைத்திருந்தாள். பகலெல்லாம் மேலே சுருட்டி வைத்திருப்பாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் அவிழ்த்துத் தொங்கவிடுவாள். ஜூலை மாதத்திலிருந்து இதே கூத்து. காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும், என் தூக்கம் கெடும்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெயிலுக்காகக் கட்டியிருந்தால் நானே கயிறு வாங்கிக் கொடுத்திருப்பேன். என் ஹால் ஜன்னல்கள் மேற்குப் பார்த்தவை. அவற்றில் சன் ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். அது திருப்பியடிக்கிற மத்தியான வெயில் அவர்கள் வீட்டுச் சுவரில்தான் போய் விழும், அது எனக்கும் தெரியும். ஆனால் வெயில் இருக்கும்போது சுருட்டிவிட்டு இருட்டியதும் இறக்குகிறாள் என்றால் என்ன அர்த்தம்? என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கிளம்புமுன் விக்கை மாட்டிக்கொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதத்திலிருந்து எனக்குக் கீமோ. கழுத்தில் கட்டி வந்து, அது புற்று என்று தெரிந்து, ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே கேட்கிற வகை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூனில் முடி மொத்தமும் கொட்டிவிட்டது. இது எனக்கும், என்னோடு தாம்பரத்தில் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிற ஞானாம்பாளுக்கும் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருபவள் அவள்தான். வேறு ஒருவருக்கும் தெரியாது. முக்கியமாக என் மகள் ஹெப்சிக்குத் தெரியக்கூடாது.

அவளைப் பற்றித் தெரிந்தால்தான் இது புரியும். அவள் அப்பா தயாளன் படுக்கையில் விழுந்தபோது, காலேஜை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு வருடம் அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். அவர் போன பிறகும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்று அழுதவளைக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பி வைத்தேன். இப்போது கோயம்புத்தூரில் வேலை. டிசம்பர் வரை பயிற்சிக் காலம், நடுவில் விட்டால் வேலை போய்விடும். எனக்கு இப்படி என்று காதில் விழுந்தால் மறுநாள் காலை பெட்டியோடு வாசலில் நிற்பாள். என் பெண்ணின் வாழ்க்கையில் இன்னொரு வருடத்தை நோய்க்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசில்லை. டிசம்பர் வரை வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். கடைசி மருந்து போன வாரம்தான் ஏறியது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்ச நாள்தான் என்ற தெம்பில்தான் சண்டைக்கே கிளம்பினேன்.

எங்கள் தெரு அஸ்தினாபுரத்துத் தெருக்களைப் போலவே குறுகலானது. எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று ஓரம் கட்ட வேண்டும். நான் இருட்டிய பிறகு வெளியே வந்து மாதக்கணக்காகியிருந்தது. கூட்டம் ஆகாது, பனி ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வெளிவேலை எல்லாம் பகலோடு சரி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தெருவைக் கடந்து அவர்கள் மாடிப்படி ஏறினேன். மூச்சு வாங்கியது. அதுவும் என் கோபத்தைக் கூட்டியது.

கதவைத் திறந்த ஜெய்னப் என்னைக் கண்டு வெலவெலத்துப் போனாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க. உக்காருங்க."

"உக்கார வரல. அந்தத் தார்ப்பாய் எதுக்குன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"அது வந்து... கொசுவுக்குக்கா."

"தார்ப்பாய் கட்டினா கொசு வராதா? அப்ப கொசுவலை விக்கிறவன்லாம் முட்டாளா?"

உள்ளேயிருந்து அவள் கணவர் பாட்சா கைலியை இறுக்கிக்கொண்டே வந்தார். பல்லாவரத்தில் பெல்ட்டும் தோல்பையும் விற்கிற கடை அவருடையது. "மழைச் சாரல் அடிக்கிது இல்லக்கா, பொருளெல்லாம் நனையுது" என்றார்.

"ஜூலைல எந்த மழை பாட்சா பாய்? நான் என்ன உங்க வீட்டை எட்டிப் பாத்துக்கிட்டா இருக்கேன்? தனியா இருக்கறவதானே, என்ன வேணா பண்ணலாம்னு நினைப்பா?"

"அல்லா சத்தியமா அப்டி இல்லக்கா" என்று ஜெய்னப் பால்கனிக் கதவை மறித்து நின்றாள். அவள் மறித்ததில்தான் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அவளை ஒதுக்கிவிட்டுப் பால்கனிக்குப் போனேன். "வேணாம்கா, சொன்னா கேளுங்க" என்று கையைப் பிடித்தாள். உதறினேன். தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் தூக்கினேன்.

"இங்கேர்ந்து பாத்தா அப்படி என்ன கண்றாவி தெரியுது, சொல்லுங்க, நானும்..."



எதிரே ஒரு வீட்டு ஹால். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு மூலை பாக்கியில்லாமல் தெரிந்தது. சுவரில் வேத வசன காலண்டர். அதில் இருந்த பூவின் நிறம்கூடத் தெரிந்தது. மேஜைமேல் மாத்திரை அட்டைகள், தேங்காயெண்ணெய் பாட்டில், பாதி குடித்த கஞ்சி டம்ளர். ஜன்னலை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி. அதன் பக்கத்து ஸ்டூலில் விக் மாட்டி வைக்கிற தெர்மாகோல் தலை, மொட்டையாக, தெருவைப் பார்த்துக்கொண்டு. யார் வீடு இப்படித் திறந்து கிடக்கிறது என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பிரம்பு நாற்காலி அடையாளம் தெரிந்தது. அது என் வீடு.

"இது எப்படி?" என்றேன். "அது கண்ணாடி. வெளியிலேர்ந்து பாத்தா கண்ணாடிதானே தெரியும்?"



ஃபிலிம் ஒட்டியவன் பெயர் சிட்டிபாபு. பல்லாவரத்துக்காரன். முன்பு கார் கண்ணாடிகளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தவன். மே மாதம், முதல் மருந்து ஏறி நான் உடம்பெல்லாம் எரிகிறது என்று தவித்த வாரம் அது. ஹால் அடுப்பாகக் கொதித்தது. ஒரு சின்ன மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பெரிய பல்பு, முன்னால் ஒரு கண்ணாடி. "கைய வச்சிப் பாருக்கா, இன்னா சூடு கீது பாரு" என்றான். வைத்தேன், சுட்டது. கண்ணாடிமேல் அந்த ஃபிலிமில் ஒரு துண்டை ஒட்டிவிட்டு மறுபடியும் வைக்கச் சொன்னான். பல்பு எரிவது நன்றாகத் தெரிந்தது, கையில் சூட்டைக் காணோம். பிளாஸ்டிக் தாளுக்குள் கண்ணுக்கே தெரியாத மெல்லிசாக உலோகம் பூசியிருக்கிறது, வெயிலில் இருக்கிற சூட்டை அது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும், வெளிச்சத்தில் கொஞ்சத்தை மட்டும் உள்ளே விடும் என்று விளக்கினான். எனக்கு அது கர்த்தர் அனுப்பிய பொருளாகத் தோன்றியது. சோப்புத் தண்ணீர் அடித்து, ரப்பர் பட்டையால் இழுத்து இழுத்து ஒட்டினான். முடித்ததும் தெருவுக்கு அழைத்துப் போய்க் காட்டினான். ஜன்னலில் வானமும் மின்கம்பியும் எதிர்வீடும்தான் தெரிந்தன. உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. காலை பதினோரு மணி வெயில். அவன் பொய் சொல்லவில்லை. ராத்திரியில் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவும் இல்லை.

உள்ளே தெரியாது என்றான பிறகு திரைச்சீலை எதற்கு? கீமோ ஏறுகிறவர்களுக்குப் புழுதி ஆகாது. எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் போட்டேன். இருட்டியதும் உள்ளேயிருந்து பார்த்தால் ஜன்னலில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. பார், கண்ணாடி எவ்வளவு கெட்டி என்று சந்தோஷப்பட்டேனே தவிர, வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத்தான் அது கண்ணாடி, இருட்டில் நிற்கிறவனுக்கு அது வெறும் ஜன்னல் என்று என் மண்டைக்கு எட்டவில்லை. அந்த உலோகத்துக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று பேதம் கிடையாது. பகலில் என் வீட்டிலிருந்து வெளியே போகிற வெளிச்சம் சூரியனின் எதிரொளியில் அமுங்கிக் காணாமல் போகிறது. சூரியன் போனபின் அமுக்க ஆள் இல்லை. என் டியூப்லைட் வெளிச்சம் என்னையும் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறது.

அந்தக் கண்ணாடியின் முன்னால் நான் செய்யாதது என்ன? விக் தலையில் அனலாகக் கொதிக்கும். விளக்கு வைத்ததும் முதல் வேலை அதைக் கழற்றி வீசுவதுதான். பிறகு ஜன்னலை ஒட்டி அந்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் தடவி, எங்காவது ஒரு முடி முளைத்திருக்கிறதா என்று கண்ணாடியில் குனிந்து குனிந்து தேடுவேன். வாந்தி எடுத்திருக்கிறேன். ஜெபம் பண்ணியிருக்கிறேன். ஒரு நாள் "எனக்கு ஏன் இப்படி" என்று அந்தக் கண்ணாடியையே அறைந்து அழுதிருக்கிறேன். அத்தனையும் தெருவைப் பார்த்துக்கொண்டுதான் செய்திருக்கிறேன். நினைக்க நினைக்க நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஜெய்னப் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தேன். பாட்சா உள்ளே போய்விட்டார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான்கா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "யாரும் வெளிய பேசல. உங்க கிட்ட எப்டி வந்து சொல்றது? சொன்னா, பாத்துட்டோம்னு ஆயிடுமே."

நான் விக் மாட்ட ஆரம்பித்த பிறகு தண்ணீர் கேன் போடுகிறவன் திடீரென்று முணுமுணுக்காமல் சமையலறை வரை கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தான். மளிகைக்கடைக்காரர் ஒரு தேங்காய்க்குக்கூட ஆள் அனுப்பினார். தெரு என்னிடம் இவ்வளவு பணிவாகிவிட்டதே, புது முடி எனக்கு எடுப்பாக இருக்கிறது போல என்று நினைத்தேன். அந்த அசட்டுப் பெருமையை நினைத்து என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போதுதான் வந்தது.

"ஹெப்சிக்குச் சொன்னீங்களா?" ஜெய்னப்பின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஜெய்னப், உண்மையைச் சொல்லு. யாராவது ஃபோன் பண்ணி அவளுக்குச் சொல்லிட்டீங்களா? அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது. வேலையை விட்டுட்டு வந்துடுவா."

"நாங்க சொல்லலக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா நாங்க சொல்லல. அவளே பாத்தா."

எனக்குப் புரியவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னேன்.

"ஜூலைல வந்துச்சுக்கா. உங்களுக்குச் சொல்லாம வரணும்னு, கைல கேக்கு டப்பா வச்சிக்கினு. உங்க பிறந்தநாளாமே. நான் துணி எடுக்க வந்தேன், கீழ பாத்தா நடுத்தெருவுல நிக்கிது. மேலயே பாத்துக்கினு நிக்கிது. ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், நகரல. அவருதான் போய் கையப் புடிச்சி இட்டுகினு வந்தாரு." ஜெய்னப் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "இங்கதான்கா, இந்த இடத்துலதான் தரைல உக்காந்துச்சு. நீங்க லைட்ட அணைக்கிற வரைக்கும் வாயே தொறக்கல. அம்மா கிட்ட போன்னு சொன்னேன். மாட்டேன்னுச்சு. அம்மா எனக்குத் தெரியக்கூடாதுன்னு இவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கிறாங்க, நான் போய் நின்னா அந்தப் பலமும் போயிடும்கா, அது ஒண்ணுதான் அவங்களுக்கு இப்ப இருக்குன்னுச்சு. விடிகாலைல கிளம்பிப் போச்சு. போறப்ப, இங்கேர்ந்துதான் எல்லாம் முழுசாத் தெரியுது, இதுக்கு எதாவது மறைப்பு கட்டுங்கன்னு அவரு கிட்ட கேட்டுச்சு. அடுத்த நாளே கடைலேர்ந்து தார்ப்பாய் கொண்டாந்துட்டாரு."

ஜூலைக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. தடிமனான திரைச்சீலைகள். "ஆஃபர்ல கிடைச்சுதும்மா, ஹாலுக்குப் போடு" என்றாள் ஹெப்சி. காசைக் கரியாக்குகிறாயே, எனக்குப் புழுதி ஆகாது என்று திட்டிவிட்டு அதையும் பரணில் போட்டேன். ஆகஸ்டில் லீவுக்கு வந்து இரண்டு நாள் இருந்தாள். நான் விக்கோடேயே படுத்து விக்கோடேயே எழுந்தேன். "முடி நல்லா இருக்கும்மா, ஸ்ட்ரெயிட்டன் பண்ணியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். என்னைப் பார்த்து எப்படிச் சிரித்தாள் அந்தப் பெண்?

"தினமும் எனக்கு ஃபோன் போடும்" என்றாள் ஜெய்னப். "இன்னிக்கு எழுந்து நடந்தாங்களா, சாப்ட்டாங்களான்னு கேக்கும். ஓரத்தைத் தூக்கிப் பாத்துட்டுச் சொல்லுவேன். வேற ஒண்ணுக்கும் பாக்கலக்கா, சத்தியமா. அன்னிக்கு நீங்க விழுந்தப்பதான் ஓடி வந்து பெல்லடிச்சிட்டேன்."

போன மாதம் ஹாலில் தலை சுற்றி விழுந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது, காலிங்பெல் விடாமல் அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விக்கைக் கவிழ்த்துக்கொண்டு கதவைத் திறந்தால் இவள். மூச்சிரைக்கக் கருவேப்பிலை வேண்டும் என்றாள். "இந்த நேரத்துல கருவேப்பிலையா, கடை இல்லையா உங்களுக்கு?" என்று முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினேன்.

நான் எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். என் பெண்ணுக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்டேன் என்று நான் கர்வப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும், அவள் ஒரு ஹாஸ்டல் அறையில் இதைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்காவது ஞானாம்பாள் இருந்தாள். அவளுக்கு அழ யார் இருந்தார்கள்? ஒரு வருடத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பதாக நினைத்து என் பிள்ளை தலையில் எவ்வளவு பெரிய சுமையை ஏற்றியிருக்கிறேன்!

வீட்டுக்குள் வந்ததும் விக்கைக் கழற்றி மேஜைமேல் போட்டேன். ஜன்னலில் என் மொட்டைத் தலைதான் தெரிந்தது. அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள், என்ன பார்க்கிறார்கள் என்று கொஞ்சமும் தெரியவில்லை. சுவிட்சை அணைத்தேன்.

கண்ணாடியில் இருந்த நான் போய்விட்டேன், தெரு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பால்கனியில் தார்ப்பாய் முழுக்கச் சுருட்டி ஏற்றியிருந்தது. விளக்கடியில் ஜெய்னப் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, அழுதபடி பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் ஃபோனை இறக்கிய கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடித்தது. வீடியோ கால்.

இருட்டிலேயே எடுத்தேன். திரையில் ஹெப்சியின் முகம், அழுது வீங்கி, பின்னால் ஹாஸ்டல் கட்டில்.

"அம்மா" என்றாள். "வெறும் இருட்டா இருக்கு. லைட்டைப் போடும்மா."

"வேணாண்டி. பயந்துடுவ."

"நான் பாத்ததுதானேம்மா. அன்னிக்கு ரோட்டுலேர்ந்து பாத்தேன். கிட்டப் பாக்கணும்."

எழுந்து போய் லைட்டைப் போட்டேன்.